சில்செஸ்டரில் எங்கே தோண்டுவது? ரோமானிய நகரத்தின் வளர்ச்சியை அறிய நான்கு வழிகள்

ஒரு ரோமானிய மாகாண நகரம் எப்போது தோன்றியது, எப்படி விரிந்தது, எப்போது ஆளற்றுப் போனது? இதைக் கண்டறிய ஒரு சிறு குழுவுக்கு ஐந்து கோடைகளுக்கான பணம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் அகலமாகத் தோண்டி அடிமண் வரை இறங்கலாம். தோண்டாமலே கருவிகளைக் கொண்டு நகரம் முழுவதையும் படமாக்கலாம். நூறு வருடத்துக்கு முன்பு தோண்டி மூடிய குழிகளைத் திரும்பத் திறக்கலாம். அல்லது இன்றும் மக்கள் வாழும் நகரமாக இருந்தால், யாராவது புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் பறிக்கும்போது கூடவே இறங்கலாம். எல்லாவற்றையும் செய்யப் பணம் போதாது. எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

இதை எடைபோட இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள சில்செஸ்டர் நல்ல இடம். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் கலேவா. அட்ரெபேட்டிஸ் என்ற இனக்குழுவின் தலைநகரம். சுமார் 2.4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கல்மதில் இன்றும் பல இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. மதிலுக்குள் இருக்கும் ஏறக்குறைய 40 ஹெக்டேர் நிலத்தில், கிழக்கு வாசல் அருகே ஓர் இடைக்காலத் தேவாலயத்தையும் பண்ணையையும் தவிர, வேறு ஊர் எதுவும் எழவில்லை. லண்டனும் யார்க்கும் ரோமானிய நகரங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. கலேவா புல்வெளிக்குக் கீழே அப்படியே கிடக்கிறது. அதனால்தான் 150 வருடங்களுக்கும் மேலாக ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து முறையை இங்கே கொண்டுவந்து சோதித்திருக்கிறது. ஒரே நிலத்தில் வெவ்வேறு முறைகள் எதைக் கண்டன, எதைத் தவறவிட்டன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முழு வரைபடமும் அதன் விலையும்

முதல் பெரிய முயற்சி 1890 முதல் 1909 வரை நடந்தது. லண்டன் தொல்பொருட் சங்கத்தினர் மதிலுக்குள் இருக்கும் நகரம் முழுவதையும் தோண்டிவிடுவது என்று இறங்கினார்கள். கூலியாட்கள் தெருக்கள் சூழ்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் வரிசையாக நீளமான குழிகளை வெட்டுவார்கள். கல்சுவர் தட்டுப்பட்டால் அதைப் பின்தொடர்ந்து போய், வீட்டின் முழு அமைப்பையும் வரைந்துகொண்டு, குழியை மூடிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். இருபது வருடத்தில் ஒரு முழு நகரத்தின் வரைபடம் கையில் வந்தது. செங்கோணத் தெருக்கள், நடுவே மன்றம் (ஊரின் பொதுச் சதுக்கம்), குளியல் மண்டபம், கோயில்கள், வீடுகள் என்று எல்லாம் இருந்தன. பிரிட்டனில் வேறெந்த ரோமானிய நகரத்துக்கும் அப்போது இப்படி ஒன்று கிடையாது. கிணறுகளிலிருந்து எடுத்த விதைகளை கிளமென்ட் ரீட் ஆராய்ந்து பட்டியலிட்டதும் இந்தக் காலத்தில்தான். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் அந்த வரைபடத்தில் நேரம் இல்லை. முதல் நூற்றாண்டுச் சுவரும் நான்காம் நூற்றாண்டுச் சுவரும் ஒரே மையில், ஒரே தாளில் நிற்கின்றன. மரவீடுகள் பெரும்பாலும் வரவேயில்லை. மரம் மட்கிப்போன பிறகு மிஞ்சும் கரிய மண் தடத்தை அந்தக் கூலியாட்கள் தேடவும் இல்லை, தேடக் கற்பிக்கப்படவும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தவர்கள் கலேவாவை இடைவெளி விட்டு வீடுகள் நிற்கும் தோட்ட நகரம் என்று நினைத்தார்கள். அந்த இடைவெளிகளில் எத்தனையோ மரக் கட்டடங்கள் இருந்திருக்கலாம் என்பது பின்னால்தான் உறைத்தது. மன்றத்துக்கு அருகே 1892-இல் கண்ட சிறு கட்டடம் தேவாலயமா என்ற வாதத்தைத் தீர்க்க 1961-இல் இயன் ரிச்மண்ட் அதைத் திரும்பத் தோண்ட வேண்டியிருந்தது. அப்போதும் விவாதம் முழுதாக ஓயவில்லை. அடுக்குகளைப் பதிவு செய்யாமல் ஒரு சுவரை வெளியே எடுத்தால், அந்தச் சுவரின் வயதைச் சொல்லக்கூடிய மண்ணை நாமே வெட்டி எறிந்துவிடுகிறோம்.

ஒரே இடத்தில், அகலமாக, அடிவரை

இதற்கு நேர் எதிரானது ரெடிங் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஃபுல்ஃபோர்ட் எடுத்த வழி. 1980-களில் அவர் குழு மன்றத்தின் மண்டபத்தைத் தோண்டியது. இரண்டாம் நூற்றாண்டுக் கல் மண்டபத்துக்குக் கீழே முதல் நூற்றாண்டின் மர மண்டபம் இருந்தது. அதற்கும் கீழே இறங்கினால், கி.பி. 43-இல் ரோமப் பேரரசர் கிளாடியஸின் படை பிரிட்டனில் கால்வைப்பதற்கு முன்பே போடப்பட்ட, செங்கோணத்தில் சந்திக்கும் தெருக்கள்! பிரிட்டனுக்கு நகரமும் நேர்த்தெருவும் ரோமானியர் கொடுத்த கொடை என்ற பழைய எண்ணத்துக்கு அந்தச் சில மீட்டர் மண் போதுமான பதில். எந்த வரைபடமும் எந்தக் கருவியும் இதைத் தந்திருக்காது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதன்பின் 1997 முதல் 2014 வரை இன்சுலா 9 என்ற கட்டத்தில் 55 மீட்டருக்கு 55 மீட்டர் பரப்பைத் திறந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வந்து, கடைசி அடுக்கிலிருந்து முதல் அடுக்கு வரை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பெருந்தெருக்களின் செங்கோண அமைப்புக்கு ஒத்துவராமல் கோணலாக நின்ற வீடு ஒன்று அங்கே இருந்தது. அதற்கான காரணம் அதற்குக் கீழேதான் கிடைத்தது. இரும்புக் காலத்து ஊரின் சந்துகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடியிருக்கின்றன. ரோமானிய ஆட்சி புதுத் தெருக்களைப் போட்ட பிறகும், அந்த மனைக்காரர்கள் தங்கள் பாட்டன் காலத்து எல்லையை விடாமல் வீடு கட்டியிருக்கிறார்கள். ரோமானியருக்கு முந்தைய அடுக்குகளில் ஒரு ஆலிவ் கொட்டையும் செலரி, கொத்தமல்லி விதைகளும் கிடைத்தன. மண்ணைத் தண்ணீரில் மிதக்கவிட்டு நுண்சல்லடையில் பிடித்ததால்தான் இவை கண்ணில் பட்டன. ஊர் எப்போது வெளிநாட்டுச் சாப்பாட்டுக்குப் பழகியது என்பது, வளர்ச்சி என்று சொல்லும்போது தெருவுக்குச் சமமாக எண்ணவேண்டிய விஷயம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 55-க்கு 55 என்றால் 3,025 சதுர மீட்டர். 40 ஹெக்டேரில் அது முக்கால் சதவீதம். அதற்கு 18 கோடைகள். தோண்டியது 2014-இல் முடிந்தது. கிளாடியஸ், நீரோ காலத்து அடுக்கைப் பற்றிய அறிக்கை 2020-இல்தான் வந்தது. நம் குழுவிடம் ஐந்து கோடைகள் மட்டுமே. இன்னொரு இடரும் உண்டு. திறந்த கட்டம் நகரத்துக்கே மாதிரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு தெருக்கோடியில் வீடுகள் இடிந்து காலியானபோது இன்னொரு மூலையில் புது மாளிகை எழுந்திருக்கலாம்.

திறக்கும் முறையிலும் ஒரு தேர்வு உண்டு. மார்ட்டிமர் வீலர் 1930 முதல் 1933 வரை வெருலேமியம் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ரோமானிய நகரத்தைத் தோண்டினார். அவர் பின்னர் கையாண்ட கட்டம் பிரித்த சதுரக் குழி முறை நம் நாட்டு அகழாய்வுகளில் இன்றும் வழக்கம். குழிகளுக்கு இடையே விடும் மண்வரம்பின் பக்கச்சுவரில் அடுக்குகளைத் தெளிவாகப் படிக்கலாம். ஆனால் மரவீட்டின் தூண்குழிகள் வரம்புகளுக்குள் ஒளிந்துபோகும். வீலர் 1945-இல் அரிக்கமேட்டில் ஒரே பருவம் தோண்டி, இத்தாலியின் அரிட்டைன் மட்கலங்களைக் கொண்டு அந்தத் துறைமுகத்துக்கு ஒரு காலத்தை நிறுத்தினார். அதே வகை மட்கலங்கள்தான் கலேவாவிலும் ரோமானியப் படையெடுப்புக்கு முந்தைய அடுக்குகளுக்குக் காலம் சொல்கின்றன. ஆனால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அரிக்கமேட்டைத் திரும்ப ஆராய்ந்தபோது, ஊர் வீலர் சொன்னதைவிட முன்னதாகத் தொடங்கி அதிக காலம் நீடித்தது தெரிந்தது. ஒரு குறுகிய அகழாய்வு ஒரு தேதியை உறுதியாகக் கொடுக்கும். ஓர் ஊரின் முழு ஆயுளைக் கொடுக்க அதனால் முடியாது.

தோண்டாமல் பார்ப்பது

காந்தமானியைக் கையில் ஏந்தியோ வண்டியில் இழுத்தோ போனால், எரிந்த மண்ணும் செங்கலும் அடுப்பும் குப்பை நிரம்பிய பள்ளமும் சுற்றுநிலத்திலிருந்து வேறுபட்ட காந்த அளவைக் காட்டும். மின்தடை அளப்பில் சுவர் மின்சாரத்தைத் தடுக்கும், ஈரமான அகழி கடத்தும். தரை ஊடுருவும் ரேடார் அலைகள் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தையும் ஓரளவு சொல்லும். களிமண் நிலத்தில் அலை சீக்கிரம் செத்துப்போகும். வறண்ட கோடையில் விமானத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே உள்ள புல் முதலில் காய்ந்து வீட்டின் வரைபடத்தையே காட்டும். இது ஏறக்குறைய இலவசம், யாரும் விடக்கூடாது.

இந்த வழியின் பலத்துக்கு சிறந்த சாட்சி ராக்ஸட்டர். ஷ்ராப்ஷயரில் உள்ள அந்த நகரம் சுமார் 78 ஹெக்டேர். 1990-களில் அதன் பெரும்பகுதியைக் கருவிகளால் அளந்தபோது, பாதி காலியான ஊர் என்று நினைத்திருந்தது நெருக்கமாகக் கட்டப்பட்ட நகரமாக வெளிப்பட்டது. நூறு வருடம் தோண்டியும் கிடைத்திராத படம் அது. சில்செஸ்டரிலும் ஜான் கிரைட்டனின் குழு 2005 முதல் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் அளந்தது. ரோமுக்கு வடக்கே உள்ள ஃபலேரி நோவி மாகாண நகரமில்லை என்றாலும், முறைக்காகக் குறிப்பிட வேண்டும். 30.5 ஹெக்டேர் முழுவதையும் 12.5 சென்டிமீட்டருக்கு ஒரு அளவு என்று ரேடாரில் எடுத்து 2020-இல் வெளியிட்டார்கள். கோயிலும் சந்தையும் குளியல் தொகுதியும் தெரிந்தன. ஆனால் ஒரு ஹெக்டேர் தரவைப் படித்து வரைந்து முடிக்க ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும். களத்தில் மிச்சப்படும் நேரத்தில் ஒரு பகுதி கணினி முன்னால் போய்விடும்.

நான் தயங்கும் இடம் வேறு. ஒரு வாரம் முழுக்க முந்தைய நாள் கோலத்தை அழிக்காமல் அதே வாசலில் புதுக் கோலம் போட்டுக்கொண்டே போனால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் காந்தமானிப் படம் இருக்கும். நானூறு வருடக் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். எது முந்தியது என்று பெரும்பாலும் தெரியாது. ஒரு அகழி ஒரு தெருவை வெட்டிச் செல்வது போன்ற இடங்களில் மட்டும் முன்பின் வரிசை ஊகிக்கலாம். மரவீடுகளின் மெல்லிய தடங்கள் இதிலும் நழுவிப்போகும். விக்டோரியா காலத்து வரைபடத்தின் அதே குறை, அழிவில்லாமலும் மிக வேகமாகவும் வருகிறது என்றே சொல்வேன். நகரத்தின் அளவும் அடர்த்தியும்தான் கேள்வி என்றால் இதுவே போதும். வேறெதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம். வளர்ச்சி கேள்வி என்றால் இது முதல் படி மட்டுமே.

கட்டுமானத்துக்கு முன்னால் ஓடுவது

ரோமானிய நகரத்தின் மேல் வாழும் லண்டனில் எந்த ஆய்வாளரும் தான் விரும்பிய இடத்தில் தோண்ட முடியாது. இங்கிலாந்தில் 1990-இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பிறகு, நிலத்தில் கட்டுபவரே அகழாய்வின் செலவையும் ஏற்பது வழக்கமானது. அந்தப் பணத்தில் கிடைத்தவை திகைக்க வைக்கின்றன. 1990-களின் நடுவில் போல்ட்ரி தெருவில், நகரின் முதன்மைச் சாலைக்குக் கீழே ஓடிய மர வடிகாலின் பலகைகளில் உள்ள வளர்ச்சி வளையங்களை எண்ணி, மரம் கி.பி. 47–48 குளிர்காலத்தில் வெட்டப்பட்டது என்று சொன்னார்கள். படையெடுப்பு நடந்து ஐந்து வருடத்துக்குள்! 2010-க்குப் பிறகு வால்புரூக் ஓடையின் பழைய பள்ளத்தில் 405 எழுத்துப் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒரு கடன் பத்திரத்தில் கி.பி. 57 ஜனவரி 8 என்ற தேதியே எழுதியிருக்கிறது. மண் எப்போதும் ஈரமாக இருந்ததால் மரம் பிழைத்தது.

கலேவாவிலும் மரம் உண்டு. வெள்ளித் தேவதாருப் பலகையால் ஆன பழைய திராட்சை மது பீப்பாய்களைக் கிணற்றுக்கு உறையாக இறக்கியிருக்கிறார்கள். ஆனால் அது கிணறுகளின் அடியில் மட்டும். லண்டனைப் போல ஒரு தெருவையே ஆண்டுவரிசையில் நிறுத்த முடியாது.

வாழும் நகரத்தின் கஷ்டம் என்னவென்றால், எங்கே தோண்டுவது என்பதைக் கட்டடக்காரர் தீர்மானிக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலவறைகள் மேல் அடுக்குகளை ஏற்கெனவே தின்றுவிட்டன. அதனால் லண்டனின் தொடக்கம் துல்லியமாகத் தெரிகிறது, கடைசி நூற்றாண்டு தேய்ந்துபோயிருக்கிறது. சொந்தப் பணத்தில் இயங்கும் சிறு குழு இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. வெளிவந்த அறிக்கைகளைச் சேர்த்துப் படிக்கும் ஆய்வு மாணவருக்கு மட்டும் இது சுரங்கம். களத்துக்குப் போகப் பணமில்லாத மாணவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

பழைய குழியைத் திறப்பது

இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. என் மனம் சாய்வது இதன் பக்கம்தான். 1890-களின் கூலியாட்கள் சுவர் கண்டதும் நின்றுவிட்டார்கள். சுவருக்குக் கீழே உள்ள அடுக்குகள் பல இடங்களில் தொடப்படாமல் இருக்கின்றன. பழைய குழியின் தளர்ந்த மண்ணை அள்ளினால், பக்கவாட்டில் நூற்றாண்டுகளின் அடுக்குகள் வெட்டுமுகமாக நிற்கும். புதிதாக எதையும் அழிக்காமல் காலவரிசையைப் படிக்கலாம். சந்தேகம் உள்ள இடத்தில் மட்டும் சிறிது கீழே இறங்கலாம். ஃபுல்ஃபோர்டின் குழு இன்சுலா 9-க்குப் பிறகு வேறு கட்டங்களிலும், பின்னர் 2018 முதல் குளியல் மண்டபத்திலும் இப்படித் திரும்பப் போனது. சுற்றுவட்டாரத்தில் நீரோவின் பெயர் பொறித்த ஓடுகளும் அவற்றைச் சுட்ட சூளையும் கிடைத்திருப்பதால், ஒரு பேரரசரின் காலத்தில் அரசுப் பணம் இந்த ஊரின் கட்டடங்களுக்குள் எப்படிப் பாய்ந்தது என்று கேட்க முடிகிறது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். பழைய குழி இருக்கும் இடம் பழையவர்கள் தேர்ந்தெடுத்தது. அவர்கள் கல்சுவரைத் தேடிப் போனவர்கள். ஏழைகளின் மரவீடுகள் இருந்த பக்கம் அவர்களின் குழி குறைவாகவே தொட்டிருக்கும். ஒரு மீட்டர் அகலத்தில் தெரியும் அடுக்கை வைத்து ஒரு வீட்டின் கதையைச் சொல்வதும் எளிதில் வழுக்கும்.

என் தேர்வு

ஐந்து கோடைகள் என்றால் முதல் கோடையைக் கருவிகளுக்கும் பழைய வரைபடத்துக்கும் கொடுப்பேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தெருவும் அகழியும் குறுக்கே வெட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊர் விரிந்ததும் சுருங்கியதும் அந்த வெட்டுகளில்தான் எழுதப்பட்டிருக்கும். அடுத்த இரண்டு கோடைகளில் நகரின் வெவ்வேறு மூலைகளில் மூன்று நான்கு பழைய குழிகளைத் திறப்பேன்: ஒன்று மன்றத்தை ஒட்டி, ஒன்று மதில் ஓரத்தில், மற்றவை வீட்டுக் கட்டங்களில். கல்மதில் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது, அதற்கு முன்னே மண்மேடு இருந்தது என்று தெரியும். ஆகவே மதில் ஓரக் குழியில், அங்கே கிடைக்கும் மற்ற அடுக்குகளுக்கு மதிலே கால அடையாளமாகப் பயன்படும்.

நான்காவது கோடையில் ஒரு சிறிய அகலப் பரப்பு. இன்சுலா 9-இன் வேகத்தை நேராக வகுத்தால், 20 மீட்டருக்கு 20 மீட்டருக்கு இரண்டரைக் கோடைகள் ஆகும். அடி அடுக்குகளில் வேகம் குறையும். எனவே அந்த அளவுக்கும் ஆசைப்படாமல், கருவிகள் காலி என்று காட்டிய இடத்தில் 10-க்கு 15 திறப்பேன். வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மரவீடுகள் இருந்தனவா என்பதுதான் இந்த நகரத்தைப் பற்றி எனக்கு மிக முக்கியமாகத் தெரியவேண்டியது. அங்கே மண்வரம்பு விடமாட்டேன். முழுப் பரப்பையும் ஒன்றாகவே இறக்குவேன்.

ஐந்தாவது கோடையில் தோண்ட மாட்டேன். அந்தப் பணம் விதை, எலும்பு, மட்கலம் படிப்பவர்களுக்கும் அறிக்கைக்கும். அறிக்கை எழுதப் பணம் ஒதுக்காத அகழாய்வு, மண்ணை இன்னொரு முறை புதைப்பதற்குச் சமம். அதைத் தொடங்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி மாறினால் இந்த வரிசையும் மாறும். நகரத்தின் முடிவு பற்றித்தான் அறிய வேண்டும் என்றால், பழைய குழிகள் உதவவே உதவாது. முந்தையவர்கள் முதலில் வெட்டி எறிந்தது அந்த மேல் அடுக்கைத்தான். ராக்ஸட்டரில் பிலிப் பார்க்கர் 1966 முதல் 1990 வரை குளியல் மண்டபத்தின் இடிபாடுகளைக் கல் கல்லாக வரைந்து, அதன்மேல் ரோமானிய ஆட்சி முடிந்த பிறகும் பெரிய மரக் கட்டடங்கள் நின்றன என்று வாதிட்டார். 1859-இல் அங்கே தோண்டியவர்களுக்கு அது வெறும் இடிபாடு. பார்க்கரின் முடிவைப் பின்வந்த சிலர் ஏற்கவில்லை என்றாலும், அந்தக் கேள்வியைக் கேட்கவே அவரது பொறுமை தேவைப்பட்டது. அந்தப் பாதையில் போவதானால் ஐந்து கோடைகளும் ஒரே பரப்பில், ஒரு முழம் ஆழத்துக்குள் முடிந்துவிடும் என்று தெரிந்தே இறங்க வேண்டும். நிலத்தில் உழவு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று முதல் நாளே ஒரு சிறு சோதனைக் குழி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.